துப்பாக்கிக்கு சேஃப் வாங்க வேண்டும்: திருட்டுக்குப் பார்ப்பதா, தீக்குப் பார்ப்பதா?

தேன்மொழி_வ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதம் முன்பு அப்பா தவறிவிட்டார். அவருடைய துப்பாக்கிகள் உரிமத்தோடு முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டன. ரைஃபிள் இரண்டு, இரட்டைக்குழல் ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று. அப்பா கடைசிவரை கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில்தான் வைத்திருந்தார். என் வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். அதனால் அந்த அலமாரி வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு எல்லாம் உரிமம் உள்ள ஒரு டீலரிடம் பாதுகாப்பில் இருக்கின்றன.

இரண்டு சேஃப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஆளுயரம். கதவைப் பூட்டும் 14 போல்ட், "24 துப்பாக்கி", "60 நிமிடத் தீ பாதுகாப்பு" என்றெல்லாம் பெரிதாக ஒட்டியிருக்கிறது. உடல் தகட்டின் தடிமன் 12 கேஜ். இரண்டாவது அதைவிடச் சிறியது, ஆனால் எடை கிட்டத்தட்ட அதே அளவு. தீயைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. கதவின் உள்பக்கம் இ.என் 1143-1 கிரேடு 0 என்று ஒரு சின்னத் தகடு மட்டும் இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பார்த்த மாத்திரத்தில் முதலாவதுதான் மேல் என்று தோன்றியது. அப்பாவின் கடிதங்கள், பழைய புகைப்படங்கள், வீட்டுப் பத்திரம், ஒரு ஹார்டு டிஸ்க், எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தத் துப்பாக்கிகளில் ஒன்று களவு போய், யார் கையிலாவது சிக்கி, ஒரு உயிர் போனால் என்னால் தாங்க முடியாது.

பூட்டுத்திறப்பவன்

அம்மா, அப்பாவுக்கு என் அஞ்சலி. இருபது வருடத்துக்கு மேலாக சேஃப் திறப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 14 போல்ட்டை மறந்துவிடுங்கள். போல்ட் எத்தனை, எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கதவைத் திறந்து காட்டும்போது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அதையே காட்டுகிறார்கள். திருடன் கதவைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சேஃபைக் குப்புறத் தள்ளி, பக்கவாட்டில் இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைத்தால் போதும். நான் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு அப்படியே பூட்டிக் கிடந்தது, போல்ட் ஒன்று கூட வளையவில்லை. பக்கத்தில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு நீளமான ஓட்டை. உள்ளே ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்காரர் போலீசுக்குத் துப்பாக்கி எண்களை எழுதிக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: உடல் தகடு எத்தனை மில்லிமீட்டர்? கேஜ் கணக்கில் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 14 கேஜ் என்றால் சுமார் 1.9 மி.மீ. 12 கேஜ் சுமார் 2.7. 10 கேஜ் சுமார் 3.4. 7 கேஜ் சுமார் 4.5. நீங்கள் பார்த்த முதல் பெட்டி மூன்று மில்லிமீட்டர் கூட இல்லை. கதவு மட்டும் கனமாகத் தெரியும், ஏனென்றால் அதன் ஓரத்தை மடித்து நடுவே ஜிப்சம் பலகையை அடைத்திருப்பார்கள். விற்பவர் கதவின் மொத்தக் கனத்தைச் சொன்னால், அதில் இரும்பு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: யார் சோதித்தது? அமெரிக்கச் சோதனை அமைப்பான யூ.எல் தரும் ஆர்.எஸ்.சி (வீட்டுப் பாதுகாப்புப் பெட்டி) முத்திரைதான் துப்பாக்கிப் பெட்டிகளில் அதிகம் காணப்படுவது. அதன் முதல் நிலைச் சோதனையில் ஒரே ஒரு ஆள், 5 நிமிடம். 18 அங்குலத்துக்கு மிகாத நெம்புகோல், 3 பவுண்டுக்கு மிகாத சுத்தியல் மாதிரியான கைக்கருவிகள். கடப்பாரையோ கிரைண்டரோ கிடையாது. அதற்கு மேல் இரண்டாம், மூன்றாம் நிலைகளில் இரண்டு பேர், 10 நிமிடம், கடுமையான கருவிகள். அதற்கும் மேல் நகைக்கடைகளில் இருக்கும் டி.எல்-15, டி.எல்-30 தரங்கள்; அந்த எண் தாங்க வேண்டிய நிமிடம். அங்கே சோதிப்பவர் கையில் சேஃபின் வரைபடமே இருக்கும், எங்கே துளைக்க வேண்டும் என்று தெரிந்தே துளைப்பார். கருவி இரும்பைத் தொடும் நேரம் மட்டும்தான் கணக்கு, மூச்சு வாங்க நிற்கும் நேரம் கணக்கில்லை. டி.எல்-15இல் இல்லாத கட்டிங் வீலும் மின் ரம்பமும் டி.எல்-30 சோதனையில் வருகின்றன.

நீங்கள் சொன்ன இ.என் 1143-1 ஐரோப்பியத் தரம். வெறும் நிமிடத்தை எண்ணாமல், எந்தக் கருவியால் எவ்வளவு நேரம் தாங்கியது என்பதைக் கணக்கிட்டுப் புள்ளி கொடுப்பார்கள். கிரேடு 0 என்பது 30 புள்ளி. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் துப்பாக்கிக்காகப் புதிதாக வாங்கும் பெட்டகம் குறைந்தது இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சின்னத் தகடு, முதல் பெட்டியில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் விடப் பெரியது அம்மா. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

இலக்கு_22

பூட்டுத்திறப்பவன் அண்ணன் சொல்வது தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீடு புகும் திருடர்களில் பெரும்பாலோர் அவசரத்தில் வருகிறவர்கள். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். 12 கேஜ் பெட்டியானாலும் தரையில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருந்தால் அவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் பத்து வருடமாக அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறேன். கடினமான தரத்தைச் சொல்லிச் சொல்லி மக்களைப் பயமுறுத்தினால், பணம் சேரட்டும் என்று காத்திருந்து அதுவரை பீரோவுக்குள் துப்பாக்கியை வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து.

பூட்டுத்திறப்பவன்

தம்பி, கடைசியாகச் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். இன்று வாங்க முடிந்த பெட்டியை இன்றே வாங்கிப் பூட்ட வேண்டும். ஆனால் கிரைண்டர் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. முன்பு மின்கம்பியும் பிளக்கும் தேட வேண்டும். இப்போது பேட்டரியில் ஓடும் கிரைண்டர் பள்ளிப் பைக்குள் அடங்கும். பல வீடுகளில் திருடன் அதைக் கொண்டு வரவே வேண்டாம், வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியிலேயே இருக்கும். உங்கள் வீட்டில் கிரைண்டரும் கடப்பாரையும் எங்கே இருக்கின்றன? அவற்றையும் பூட்டி வையுங்கள்.

இலக்கு_22

கொட்டகையில், பூட்டாமல். இன்று மாற்றிவிடுகிறேன் அண்ணா.

நெருப்பறிந்தவர்

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தீயைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

"60 நிமிடம்" என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. எத்தனை டிகிரியில் 60 நிமிடம்? உள்ளே எவ்வளவு சூடு வரை அனுமதித்தார்கள்? யார் சோதித்தது? இந்த மூன்றும் எழுதியிருந்தால்தான் அது ஒரு தரம். யூ.எல் 72 என்ற தீச் சோதனையில் உலையின் சூடு 5 நிமிடத்தில் சுமார் 538 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 843, ஒரு மணியில் 927 என்று ஏறும். அந்த ஒரு மணி நேரமும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது, காகிதம் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும். உலையை அணைத்த பிறகும் பெட்டியை வெளியே எடுக்க மாட்டார்கள், ஆறும்வரை உள்ளேயே விடுவார்கள். ஏனென்றால் சுவரில் தேங்கிய சூடு அதன் பிறகும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். பல துப்பாக்கிப் பெட்டிகளில் காட்டப்படும் நிமிடங்கள் தயாரிப்பாளரே வைத்த சோதனையில் வந்தவை. சூடு குறைவாக இருக்கும், ஆறும் நேரம் சேர்ந்திருக்காது.

ஜிப்சம் ஏன் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சூடானதும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆவியாகி முடியும்வரை சூடு அதைத் தாண்டி வேகமாக ஏறாது. நல்ல பொருள்தான். ஆனால் தண்ணீர் தீர்ந்ததும் பலகை பொடிந்து உதிரும், அதன் பிறகு தடுப்பு இல்லை. இணைப்புகளில் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் அதன் வழியாக முன்பே சூடு நுழைந்துவிடும். கதவு ஓரத்தில் சூடுபட்டால் உப்பி அடைக்கும் பட்டை சுற்றிலும் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில பெட்டிகளில் மூன்று பக்கம் மட்டும் இருக்கும்.

இன்னொன்று. வெளியேறும் ஆவியில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளும் போகும். தீயில் தப்பிய துப்பாக்கி, இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது துருப்பிடித்துக் கிடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். தீ அணைந்த உடனே திறக்கவும் கூடாது. உள்ளே சூடு தேங்கியிருந்தால், காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும். வெளிப்புறம் கை வைக்கும் அளவுக்கு நன்றாக ஆறட்டும். திறந்த பிறகு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

தேன்மொழி அம்மா, உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை கொடுப்பது துப்பாக்கி அல்ல, அந்த ஹார்டு டிஸ்க்கும் புகைப்படங்களும். 177 டிகிரியில் காகிதம் தப்பும், ஹார்டு டிஸ்க் தப்பாது. டிஸ்க்குக்கென்று தனித் தரம் இருக்கிறது. அதில் உள்ளே சுமார் 52 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரப்பதமும் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தத் துப்பாக்கிப் பெட்டியும் அந்த வேலையைச் செய்யாது.

தேன்மொழி_வ

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. அப்படியானால் இரண்டாவது பெட்டிக்குத் தீ விஷயத்தில் ஒன்றுமே இல்லையா? துப்பாக்கிகள் மொத்தமும் போய்விடுமா?

நெருப்பறிந்தவர்

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிரேடு 0 பெட்டகங்களில் பெரும்பாலும் இரட்டைச் சுவரும் நடுவே நிரப்பிய பொருளும் இருக்கும், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் சான்றில் எழுதாததை நம்பித் திட்டம் போட வேண்டாம். வெறும் கனத்த இரும்பாக இருந்தால் அது அடுப்பில் வைத்த பாத்திரம்தான்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். தீப்பிடித்த அறையில் கூரைப் பக்கமும் தரைப் பக்கமும் ஒரே சூடு இருக்காது, கீழே மிகவும் குறைவு. தரைத் தளத்தில், காங்கிரீட் தரையில், வெளிச்சுவர் மூலையில், சமையலறைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் தள்ளி வைத்தால் நல்லது. அடித்தளம் இன்னும் குளிர்ச்சி. ஆனால் நாங்கள் அடிக்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். அந்த மூலையை ஒரு சின்ன அறையாக மறித்து, தீ தாங்கும் ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்கு அடிக்க முடிந்தால் அடியுங்கள். புகை உணரும் கருவியை மறக்காதீர்கள். எங்கள் வண்டி சீக்கிரம் வந்தால் சோதனை எண்கள் எதுவும் தேவைப்படாது.

கருவேலன்

நடுவில் ஒரு சந்தேகம். தோட்டாவையும் வெடிமருந்துப்பொடியையும் அதே சேஃபில் வைக்கலாமா? நான் தோட்டாவை நானே நிரப்புகிறவன்.

நெருப்பறிந்தவர்

மருந்துப்பொடியை வைக்கவே கூடாது. திறந்த இடத்தில் அது வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமாக அடைத்த இரும்புப் பெட்டிக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறிப் பெட்டியே வெடிக்கும். அதன் சொந்த டப்பாவிலேயே, அழுத்தம் ஏறினால் எளிதில் விட்டுக்கொடுக்கும் மர அலமாரியில், சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு உங்கள் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு.

தோட்டா வேறு. வெளியே தனியாகக் கிடக்கும் தோட்டா தீயில் வெடித்தால், குழலில் இருந்து புறப்படும் வேகத்தில் குண்டு பாயாது, பித்தளைத் துண்டு தெறிக்கும். எங்கள் கவசத்துக்கு அது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் குண்டு நிரப்பிய துப்பாக்கி தீயில் சூடானால் தானாகவே சுடும், அது நிஜமாகவே சுட்ட மாதிரிதான். உள்ளே வைக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் காலியாக இருக்க வேண்டும். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குள் நுழையப் போகிறவர்கள் என்னைப் போன்ற பிள்ளைகள்.

கருவேலன்

புரிந்தது ஐயா. பொடி இன்றே வெளியே வருகிறது.

யாழ்நிலா

தேன்மொழி அக்கா, பூட்டைப் பற்றி யோசித்தீர்களா? பையன் இருக்கிற வீடு என்பதால் கேட்கிறேன். கைரேகைப் பூட்டு வேகமாகத் திறக்கும் என்று நானும் ஒன்று வாங்கினேன். சின்னப் பெட்டி. ஒரு நாள் என் தங்கை சும்மா விரலை வைத்தாள், திறந்துகொண்டது. அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பூட்டுத்திறப்பவன்

நல்ல வேளை, விரல் வைத்தது பெரியவள். 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உரிமையாளர் தன் கைரேகையைப் பதிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்க, பெட்டி ஆரம்ப நிலையிலேயே இருந்து யார் விரலுக்கும் திறந்திருக்கிறது. அப்படி எடுத்த துப்பாக்கியால் 12 வயதுப் பையன் ஒருவன் இறந்ததாக வழக்கும் இருந்தது. மலிவான சின்னப் பெட்டிகளில் இன்னொரு குறை: மேலே ஓங்கித் தட்டினாலே உள்ளே இருக்கும் காந்தப் பின் குதித்து, கைப்பிடி திரும்பிவிடும். என் பட்டறைக்கு வரும் பெட்டிகளில் இதை நானே செய்து காட்டுவேன்.

பெரிய பெட்டிக்கு எண் வட்டைச் சுழற்றித் திறக்கும் டயல் பூட்டா, எண் அழுத்தும் எலெக்ட்ரானிக் பூட்டா என்று கேட்டால் நான் டயல் பக்கம். பேட்டரி வேண்டாம், பல பத்தாண்டு உழைக்கும். திறக்க அரை நிமிடம் ஆகும், குறையென்றால் அது மட்டும்தான். எலெக்ட்ரானிக் பூட்டிலும் தரமானவை இருக்கின்றன, ஆனால் என்னைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் செத்துக் கிடப்பது அதுதான். வாங்கினால் முதல் நாளே ஆலையில் வைத்து அனுப்பிய திறப்பு எண்ணை மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பையன் பின்னால் நிற்கும்போது அழுத்த வேண்டாம்.

இலக்கு_22

இதில் நான் எதிர்ப்பக்கம். டயல் பூட்டு வைத்திருப்பவர்கள் சோம்பலில் முழுக்கச் சுழற்றிக் கலைக்காமல், கடைசி எண்ணை மட்டும் போட்டால் திறக்கும்படி விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகப் பூட்டிய டயலை விட, கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் எலெக்ட்ரானிக் பூட்டு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மேல்.

பூட்டுத்திறப்பவன்

அது உண்மை. அந்தப் பழக்கம் இருக்கிறவர்களுக்கு டயல் வேண்டாம். தேன்மொழி அம்மா தினமும் திறக்கப் போவதில்லை என்பதால் சொன்னேன்.

தேன்மொழி_வ

வருடத்தில் நாலைந்து தடவை, எண்ணெய் போடத்தான். டயலே போதும். தரையில் எப்படிப் பொருத்துவது? பெட்டி மட்டும் 210 கிலோ. இவ்வளவு கனத்தை யார் தூக்குவார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பூட்டுத்திறப்பவன்

இரண்டு பேரும் ஒரு தள்ளுவண்டியும் போதும் அம்மா. கொண்டு வந்தவர்களும் அப்படித்தானே கொண்டு வருவார்கள்? அதைவிட முக்கியம், பொருத்தாத பெட்டியைக் கீழே சாய்த்துவிட்டால் நெம்புவதற்கு உடம்பு பலம் முழுக்கக் கிடைக்கும். நின்றுகொண்டிருக்கும் பெட்டியை மூலையில் நெம்புவது கஷ்டம். ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த பெட்டகம் என்றால் பொருத்துவதற்குத் துளை இருக்க வேண்டும் என்று இ.என் 1143-1 தரமே கேட்கிறது. காங்கிரீட் தரை என்றால் ஆங்கர் போல்ட். ஒரு பக்கமும் பின்பக்கமும் சுவரை ஒட்டட்டும், கதவு திறக்க மட்டும் இடம் விடுங்கள். பக்கவாட்டில் கருவி வைக்க இடமில்லாமல் செய்வதுதான் நோக்கம். பையன் ஏறி இழுத்தாலும் கவிழாது.

மாடி என்றால் முதலில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். நாலு காலில் இறங்கும் எடை ஒரு சின்ன இடத்தில்தான் விழுகிறது.

அப்புறம் அளவு. "24 துப்பாக்கி" என்பது தொலைநோக்கி மாட்டாத மெல்லிய ரைஃபிள்களை நெருக்கி அடுக்கினால் வரும் எண்ணிக்கை. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது நாலு, அதனால் சிறிய பெட்டியில் தாராளமாக நிற்கும்.

யாழ்நிலா

ஈரம்! காங்கிரீட்டில் நேராக உட்கார வைத்தால் அடியில் ஈரம் ஏறும். நடுவே ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். துப்பாக்கியைப் பஞ்சு உறையோடு உள்ளே வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிகா ஜெல்லோ, மெலிதாகச் சூடு தரும் கம்பியோ போட்டு, ஒரு சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ரொம்பவும் காய்ந்தால் துப்பாக்கியின் மரக்கட்டையில் விரிசல் விழும்.

தேன்மொழி_வ

எல்லோருக்கும் நன்றி. கிரேடு 0 பெட்டகத்தையே வாங்கிவிட்டேன், டயல் பூட்டோடு. தரைத் தளத்தில், படுக்கை அறையை ஒட்டிய மூலையில் நாலு போல்ட்டில் இறுக்கியாகிவிட்டது. பத்திரமும் கடிதங்களும் யூ.எல் 72 ஒரு மணி நேர முத்திரை உள்ள ஒரு சின்னத் தீப்பெட்டகத்துக்குப் போய்விட்டன. புகைப்படங்களை ஸ்கேன் செய்து, டிஸ்க்கில் இருந்ததையும் சேர்த்து இன்னொரு பிரதி எடுத்துத் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன். துப்பாக்கிகளின் எண்களை எழுதி, படம் எடுத்து, அதையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். ஜிப்சம் மறைப்பு அடுத்த மாதம்.

ஒரு கேள்வி மிச்சம். பூட்டு எண்ணை நானே மாற்றிவிட்டேன். இப்போது கதவைச் சாத்தலாமா?

பூட்டுத்திறப்பவன்

சாத்தாதீர்கள்! கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, போல்ட்டை மட்டும் வெளியே தள்ளிப் பூட்டி, புது எண்ணால் மூன்று தடவை திறந்து பாருங்கள். மூன்று தடவையும் சரியாகத் திறந்தால் மட்டும் சாத்துங்கள். எண்ணை மாற்றிய கையோடு கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறைய.

தேன்மொழி_வ

நல்ல வேளை கேட்டேன். இரண்டாவது தடவை திறக்கவில்லை, ஒரு எண்ணைத் தாண்டி நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. மறுபடி பொறுமையாகச் செய்தேன். தொடர்ந்து ஐந்து தடவை திறந்தது. பிறகுதான் சாத்தினேன்.

டீலரிடம் இருந்து நாளை துப்பாக்கிகளை எடுத்து வருகிறேன். ஈரப்பதமானி இப்போது 58 காட்டுகிறது.

யாழ்நிலா

புதுப் பெட்டிக்குள் ஆரம்பத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கலாம் அக்கா. சிலிகா ஜெல் போட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள், இறங்கும். இறங்கிய பிறகு துப்பாக்கிகளை உள்ளே வையுங்கள்.

தேன்மொழி_வ

சரி. டீலரிடம் இன்னும் இரண்டு நாள் கேட்டுக்கொள்கிறேன்.